குதிரைக்கு ஏது ஊரடங்கு? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பிரிட்டனின் குதிரையேற்ற அமைப்புகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதைப் பற்றி எழுதியிருந்தேன். அதில், கொரோனா காலத்தில் அவை தம் உறுப்பினர்களுக்கு உதவியதைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் கேள்விகளைக் குவித்துவிட்டார்கள். எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியவை என்பதால் இம்முறை வேறு எதையும் கலக்காமல் அவற்றுக்கே இப்பக்கங்களை ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஐயா, பெருந்தொற்றுக் காலத்தில் எல்லா விளையாட்டுகளும்தான் நின்றன. குதிரையேற்ற அமைப்புகள் மட்டும் தம் உறுப்பினர்களுக்குத் தனியாகச் செய்வதற்கு என்ன இருந்தது? கிரிக்கெட் மட்டையை மூலையில் சாத்துவதைப் போலச் சேணத்தைக் கழற்றி மாட்டிவிட்டால் போயிற்று அல்லவா?
– திருச்சியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: சேணத்தைக் கழற்றி ஆணியில் மாட்டலாம். அதற்கு அடியில் இருந்த குதிரையை எங்கே மாட்டுவது?

ஐந்நூறு கிலோ எடையுள்ள ஒரு குதிரை, தன் உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு வரை ஒவ்வொரு நாளும் தீனி தின்னும். உலர்ந்த புல்லாகக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு ஏழரை முதல் பத்துக் கிலோ ஆகிறது. தண்ணீர் 25 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். லாயத்தைத் தினமும் கூட்டிச் சாணத்தை அள்ள வேண்டும். குளம்புகள் வளர்ந்துகொண்டே இருப்பதால் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை அவற்றைச் சீவி லாடம் கட்ட வேண்டும். போட்டி நடந்தாலும் நடக்காவிட்டாலும் இவற்றில் ஒன்றைக்கூடத் தள்ளிப்போட முடியாது. கால்பந்துக் கழகம் மூடப்பட்டால் வரவும் நிற்கும், செலவிலும் பெரும்பகுதி நின்றுவிடும். குதிரைப் பயிற்சிப் பள்ளி மூடப்பட்டால் வரவு மட்டும்தான் நிற்கும்.

பிரிட்டனில் இந்த விளையாட்டின் தேசியத் தலைமை அமைப்பு 'பிரிட்டிஷ் ஈக்வெஸ்ட்ரியன்' என்பது. அதன் குடையின் கீழ் டிரசாஜ் (வகுத்த அசைவுகளைக் குதிரை செய்து காட்டுவது), தடைதாண்டுதல், ஈவென்டிங் (இவ்விரண்டோடு வெட்டவெளி ஓட்டமும் சேர்ந்த மும்முனைப் போட்டி) ஆகிய போட்டிப் பிரிவுகளுக்கான தனித்தனி அமைப்புகள், 1929இல் தொடங்கிய சிறுவர்களுக்கான 'போனி கிளப்', 1947இல் உருவான 'பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி' முதலிய பல உள்ளன. இவற்றின் உறுப்பினர்களில் பதக்கத்துக்காக ஓடுபவர்கள் மிகச் சிலரே. ஊர்ப்புறத்தில் ஒரு குதிரையை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுப்பாதையில் போய் வருபவர்கள், மகளுக்கு மட்டக்குதிரை வாங்கிக் கொடுத்த பெற்றோர், இருபது குதிரைகளை வைத்துச் சவாரி கற்றுக்கொடுத்துப் பிழைப்பவர்கள் ஆகியோரே பெரும்பான்மையினர். இவர்கள் அனைவரும் 2020 மார்ச்சில் தத்தம் அமைப்பிடம் கேட்ட முதல் கேள்வி பணத்தைப் பற்றியது அன்று. நாளைக் காலையில் என் குதிரைக்குத் தீனி போட நான் வீட்டை விட்டு வெளியே போகலாமா, போலீஸ் மறித்தால் என்ன சொல்வது என்பதுதான் அது. அதற்குத் தெளிவான விடையைத் தேடித் தந்ததே அமைப்புகள் செய்த உதவிகளில் தலையானது என்பேன். அதற்குக் காசு அதிகம் செலவாகவில்லை என்பதாலோ என்னவோ, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

கேள்வி: அப்படியானால் அந்தக் காலத்தில் குதிரைச் சவாரிக்குத் தடை இருந்ததா, இல்லையா? உறுப்பினர்களுக்கு எவ்வகையான வழிகாட்டுதல் தரப்பட்டது? நான் கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவி என்பதால் சற்று விரிவாகச் சொன்னால் மகிழ்வேன்.
– நாமக்கல்லிலிருந்து ஒரு வாசகி

பதில்: பிரிட்டனில் 2020 மார்ச் 23 அன்று இரவு பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டது. வீட்டை விட்டு வெளியேற அனுமதிக்கப்பட்ட காரணங்களின் பட்டியலில் குதிரை என்ற சொல்லே இல்லை. விலங்குகளைப் பராமரிக்கச் செல்வது ஏற்கத்தக்க காரணமே என்பதை அரசின் சுற்றுச்சூழல், வேளாண் துறையிடமிருந்து உறுதிப்படுத்திக்கொண்டு, அதை உறுப்பினர்களுக்குப் புரியும் மொழியில் எடுத்துச் சொல்லும் வேலை அமைப்புகளின் தலையில் விழுந்தது.

சவாரியைச் சட்டம் தடை செய்யவில்லை. ஆனால், குதிரையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட ஒருவர், மூச்சுத்திணறலோடு வந்தவருக்கு வேண்டிய மருத்துவமனைக் கட்டிலில் போய்ப் படுப்பது நியாயமா என்ற கேள்வி எழுந்தது. எனவே ஏறுவதா வேண்டாமா என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்து முடிவு செய்யும்படி கேட்டுக்கொண்டார்கள். இளங்குதிரையைப் பழக்குவதையும் தடை தாண்டுவதையும் தவிர்த்துவிட்டு, நீண்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிரையைத் தரையிலிருந்தே வட்டமாக ஓடவிட்டுப் பயிற்சி கொடுப்பதோடு பலர் நிறுத்திக்கொண்டார்கள்.

இதில் உங்களைப் போன்ற மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சிக்கல் இருந்தது. ஏப்ரலும் மே மாதமும் இங்கிலாந்தில் புல் செழித்து வளரும் பருவம். அப்போதைய இளம்புல்லில் சர்க்கரைச் சத்து மிகுதி. நாள்தோறும் ஓடிக்கொண்டிருந்த குதிரையை ஓட்டமின்றி அந்தப் புல்வெளியில் விட்டால் அது கொழுக்கும். கொழுத்த குதிரைக்கு, அதிலும் குறிப்பாக மட்டக்குதிரைக்கு, குளம்புக்குள் இருக்கும் மென்திசு வீங்கிப் பெரும் வலி கொடுக்கும் 'லாமினைட்டிஸ்' நோய் வர வாய்ப்பு அதிகம். நோய் முற்றினால் குளம்பின் உள்ளிருக்கும் எலும்பே இடம் பெயர்ந்துவிடும். ஆகவே சவாரியை நிறுத்துங்கள் என்று சொல்லும் வாயாலேயே, மேய்ச்சலைச் சுருக்குங்கள், வேலி போட்டுப் பகுதி பகுதியாகத் திறந்துவிடுங்கள், வாரம் ஒருமுறை நாடாவால் வயிற்றுச் சுற்றளவை அளந்து பாருங்கள் என்றும் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்தது லாடம். இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற லாடத் தொழிலாளர், கால்நடை மருத்துவர் போன்றோரைத் தவிர வேறு எவரும், தம் சொந்தக் குதிரைக்கே ஆனாலும், லாடம் கட்டக் கூடாது. லாடத் தொழிலாளரோ ஒரே நாளில் நான்கைந்து லாயங்களுக்குச் செல்பவர். அவர் குளம்பைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது குதிரையின் தலைப்பக்கம் ஒருவர் நின்றாக வேண்டும் என்பதால் இரண்டு மீட்டர் இடைவெளி என்பதெல்லாம் நடக்கிற காரியமில்லை. அத்தொழிலாளர்களின் சங்கம் போக்குவரத்து விளக்கைப் போல மூன்று நிறங்களில் குதிரைகளை வகை பிரித்துக் கொடுத்தது. ஆணி குத்திய கால், சீழ் பிடித்த குளம்பு, கழன்று தொங்கும் லாடம் போன்றவற்றுக்கு உடனே செல்லலாம். ஓய்வு பெற்றுப் புல்வெளியில் வெறுங்குளம்போடு திரியும் கிழக்குதிரை காத்திருக்கலாம். நடுவில் உள்ளவற்றைச் சற்றுத் தள்ளிப்போடலாம். எளிய ஏற்பாடுதான். ஆனால் லாடக்காரரும் குதிரைக்காரரும் தொலைபேசியில் சண்டை போட்டுக்கொள்ளாமல் முடிவெடுக்க அது உதவியது.

மூன்றாவதாக 'லிவரி யார்டு' எனப்படும் பொது லாயங்கள். பலருடைய குதிரைகளை மாதக் கட்டணத்துக்கு ஒரே இடத்தில் கட்டி வைத்திருக்கும் இடங்கள் இவை. என் தங்கை மகளின் மட்டக்குதிரை அந்த வசந்தத்தில் வார்விக்‌ஷர் பகுதியில் இப்படியொரு லாயத்தில் நின்றது. பதினான்கு குதிரைகள், பதினான்கு குடும்பங்கள். முன்பு யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வந்து போவார்கள். பொதுமுடக்கம் வந்ததும் லாயத்துக்காரர் வெள்ளைப் பலகையில் கட்டம் போட்டு, ஒரு நேரத்துக்கு இரண்டு குடும்பங்களுக்கு மேல் கூடாது என்று எழுதி மாட்டினார். அவள் அனுப்பிய காணொளி இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. வாயிற்கதவின் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில், புல்கட்டுக் கயிற்றால் ஒரு சோப்புப் புட்டி தொங்குகிறது. வருகிறவர்கள் முதலில் கையைக் கழுவுகிறார்கள், தாழ்ப்பாளைத் திறக்கிறார்கள், மறுபடி கழுவுகிறார்கள். தண்ணீர்க் குழாய், மண்வெட்டிப் பிடி, விளக்கு சுவிட்சு, தீனி அறையின் பூட்டு என்று பல கைகள் படும் இடங்களை எல்லாம் பட்டியலிட்டு ஒட்டியிருந்தார்கள். கடிவாளத்தையும் தோல் வார்களையும் சாராயம் கலந்த கிருமிநாசினியால் துடைத்தால் தோல் காய்ந்து வெடித்துவிடும் என்பதால் அவற்றுக்குச் சோப்பும் தண்ணீரும்தான். இந்த நுணுக்கங்கள் பொதுச் சுகாதாரத் துறையின் அறிக்கையில் கிடைப்பவை அல்ல. குதிரையோடு வாழ்கிறவர்கள் கூடிய அமைப்பிடமிருந்துதான் வர முடியும்.

கேள்வி: அறிவுரை இருக்கட்டும், பண உதவி கிடைத்ததா? பயிற்சிப் பள்ளிகள் எப்படித் தாக்குப்பிடித்தன?
– ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

பதில்: பணம் பெரும்பாலும் அரசிடமிருந்துதான் வந்தது. அமைப்புகளின் பங்கு அந்தப் பணத்துக்கு வழிகாட்டியதும், வழி அடைபட்டிருந்த இடங்களில் கதவைத் தட்டியதும் ஆகும். தன் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்களுக்கு பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி இடர்கால நிதி ஒன்றையும் வழங்கியது. ஆனால் ஓர் அறக்கட்டளையின் கையிருப்பு எத்தனை லாயங்களுக்கு எத்தனை மாதம் தீனி போடும்?

அரசின் சம்பள உதவித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். வேலையின்றி வீட்டில் இருக்கும் ஊழியரின் ஊதியத்தில் 80 விழுக்காட்டை, மாதம் 2,500 பவுண்டு வரை, அரசே கொடுத்தது. உணவகத்துக்கு இது அருமையான திட்டம். லாயத்துக்கோ இதில் ஒரு முடிச்சு இருந்தது. திட்டத்தில் சேர்க்கப்பட்ட ஊழியர் தம் முதலாளிக்காக எந்த வேலையும் செய்யக் கூடாது என்பது தொடக்க விதி. குதிரைக்குத் தீனி போடும் ஆளை வீட்டுக்கு அனுப்பினால்தான் அவருக்கு அரசு ஊதியம் கிடைக்கும். அவரை வீட்டுக்கு அனுப்பினால் தீனி யார் போடுவது? 2020 ஜூலை முதல் தேதியிலிருந்து பகுதிநேரம் வேலை செய்ய அனுமதித்த பிறகுதான் இந்த முடிச்சு சற்றுத் தளர்ந்தது. அதுவரை பல பயிற்சிப் பள்ளி உரிமையாளர்கள் ஊழியர்களை அனுப்பிவிட்டுக் குடும்பத்தோடு தாமே சாணம் அள்ளினார்கள்.

சிறு தொழில்களுக்கான மானியம் 10,000 பவுண்டு. ஓய்வுநேரக் கேளிக்கைத் தொழில்களுக்கு, அவற்றின் கட்டடத்துக்குக் குறிக்கப்பட்ட வரிமதிப்பு 15,000 பவுண்டைத் தாண்டி 51,000க்குள் இருந்தால், 25,000 பவுண்டு. இரண்டுமே கட்டட வரிப் பதிவை வைத்து வழங்கப்பட்டவை. விவசாய நிலத்துக்குள் வாடகைக்கு நடக்கும் ஒரு லாயம் அந்தப் பதிவில் எந்தப் பெயரில் இருக்கிறது, இருக்கிறதா என்பதே பலருக்குத் தலைவலியாயிற்று. பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒரே மாதிரியான இரண்டு லாயங்களில் ஒன்று மானியம் பெறுவதும் மற்றொன்று கைவிடப்படுவதும் நடக்கக்கூடிய ஏற்பாடு அது.

ஒப்பிட்டுப் பார்த்தால் பிரெஞ்சுக்காரர்கள் இதைச் சுலபமாகச் செய்தார்கள் என்று எனக்குப் படுகிறது. பொதுமக்களுக்குச் சவாரி கற்றுத்தரும் நிலையங்களுக்கு, ஒரு குதிரைக்கு 120 யூரோ வீதம், ஒரு நிலையத்துக்கு 30 குதிரைகள் வரை என்று கணக்கிட்டு அந்த அரசு கொடுத்தது. கட்டடத்தை எண்ணாமல் வாயை எண்ணினார்கள். 120 யூரோவில் ஒரு குதிரை நெடுநாள் வாழ்ந்துவிடாது என்பது வேறு விஷயம். ஆனாலும் கணக்கின் அடிப்படை சரியானது.

மிகக் கடினமான காலம் முதல் முடக்கம் அன்று, மூன்றாவது. 2021 ஜனவரி தொடக்கத்திலிருந்து மார்ச் 29 வரை இங்கிலாந்தின் பயிற்சிப் பள்ளிகள் மூடிக் கிடந்தன. வசந்தத்தில் மூடினால் புல்வெளியாவது கை கொடுக்கும். குளிர்காலத்தில் புல் வளராது, வாங்கி வைத்த உலர்புல்தான் எல்லாம். சொந்தக் குதிரை வைத்திருப்பவர் உடற்பயிற்சிக்காகச் சவாரி போகலாம், குதிரை இல்லாத மாணவர் பள்ளிக்கு வந்து ஏறக் கூடாது என்ற அன்றைய விதி, வசதி உள்ளவருக்கு ஒரு நீதி, இல்லாதவருக்கு ஒரு நீதி என்ற மனக்குறையையும் வளர்த்தது.

கேள்வி: போட்டியே நடக்காத ஆண்டில் உறுப்பினர் சந்தா எதற்கு? அதைத் தள்ளுபடி செய்திருந்தால் அதுவே பெரிய உதவி ஆகியிருக்காதா?
– சேலத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: போட்டிக்காக மட்டும் செலுத்தும் பதிவுக் கட்டணத்தைப் பற்றி நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் பிரிட்டனில் பெரும்பாலோர் சந்தா கட்டுவதற்கு முதன்மையான காரணம் அதனோடு வரும் மூன்றாம் தரப்புக் காப்பீடு. அந்நாட்டின் 1971ஆம் ஆண்டு விலங்குகள் சட்டம் கடுமையானது. வேலி போட்ட வயலிலிருந்து எதற்கோ மிரண்டு ஓடிய குதிரை ஒன்று நெடுஞ்சாலையில் காரில் மோதிய வழக்கில், உரிமையாளர் மீது கவனக்குறைவு ஏதும் இல்லை என்ற நிலையிலும் அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று, அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2003இல் தீர்ப்பளித்தது. ஊரடங்கில் சவாரி இன்றி, கூடுதல் தெம்போடு வேலியை முட்டிக்கொண்டிருக்கும் குதிரைக்குச் சொந்தக்காரர் அந்தக் காப்பீட்டை விட்டுவிட்டுத் தூங்க முடியுமா? சந்தாவைத் தள்ளுபடி செய்வதை விட, கெடுவைத் தளர்த்திக் காப்பீடு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதே உறுப்பினருக்கு நல்லது.

இன்னொன்றும் உண்டு. போட்டி நுழைவுக் கட்டணமும் பயிற்சிக் கட்டணமும் நின்றுபோன அமைப்புகளுக்கு எஞ்சியிருந்த முக்கியமான வருமானம் சந்தாதான். தம் ஊழியர்களில் பலரையே அரசின் சம்பளத் திட்டத்தில் சேர்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மிச்சமிருந்த சிலரைக் கொண்டு தொலைபேசிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: சதுரங்கம் போலக் குதிரையேற்றத்தையும் இணையவழியில் நடத்தினார்கள் என்று படித்தேன். நம்ப முடியவில்லையே!
– புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகி

பதில்: நம்புங்கள், அம்மா. தடைதாண்டுதலை அப்படி நடத்துவது கடினம். டிரசாஜ் பிரிவுக்கு அது பொருந்தி வந்தது. குதிரை ஒரு செவ்வகக் களத்துக்குள், முன்பே வகுக்கப்பட்ட அசைவுகளை வரிசையாகச் செய்து காட்டுவதே டிரசாஜ். பரதத்தில் அடவுகளைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது மீட்டர் அகலமும் நாற்பது மீட்டர் நீளமும் உள்ள சமதளம் கிடைத்தால் போதும். ஓரங்களில் ஏ, கே, இ, எச், சி, எம், பி, எஃப் என்ற எழுத்துகளை வரிசையாக நட வேண்டும். அந்த வரிசை ஏன் அப்படித் தாறுமாறாக இருக்கிறது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நடுவர் வழக்கமாக அமரும் 'சி' எழுத்தின் பக்கம் ஒருவர் கைபேசியோடு நிற்பார். தொடக்கம் முதல் இறுதி வணக்கம் வரை நிறுத்தாமல், வெட்டி ஒட்டாமல் படம்பிடித்து அனுப்பினால், நடுவர் தம் வீட்டிலிருந்தபடியே ஒவ்வோர் அசைவுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு, குறிப்பும் எழுதி அனுப்பிவிடுவார்.

இவ்வகைப் போட்டிகள் பெருந்தொற்றுக்கு முன்பே சிறு அளவில் இருந்தவைதான். குதிரையை ஏற்றிச் செல்ல வண்டி இல்லாதவர்களுக்கான ஏற்பாடாக இருந்ததை, எல்லோருக்கும் உரியதாக ஊரடங்கு மாற்றியது. அரச குடும்பத்தின் வின்ட்சர் கோட்டை வளாகத்தில் நடக்கும் புகழ்பெற்ற குதிரைக் கண்காட்சியே 2020இல் இணையவழிக்கு மாறியது. என் தங்கை மகள் கலந்துகொண்ட சிறுவர் போட்டியில் அவள் அப்பாதான் ஒளிப்பதிவாளர். மூன்றாம் முறை எடுத்த படத்தில் குதிரை மிகச் சரியாக நடந்தது. மனிதரின் விரல்தான் பாதித் திரையை மறைத்துக்கொண்டிருந்தது. நான்காம் முறைக்குக் குதிரை சம்மதிக்கவில்லை.

கேள்வி: குதிரைகளுக்குக் கொரோனா தொற்றியதா?
– தஞ்சாவூரிலிருந்து ஒரு மாணவர்

பதில்: குதிரைகள் நோயுற்று அதை மனிதர்களுக்குப் பரப்பியதாகச் சான்று எதுவும் இல்லை. கடிவாளத்தையும் தாழ்ப்பாளையும் கழுவச் சொன்னது ஒரு மனிதர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் போகாமல் இருக்கத்தான்.

கேள்வி: உலக அளவிலான தலைமை அமைப்பு என்ன செய்தது? இந்திய வீரர் எவருக்காவது அதனால் பயன் கிடைத்ததா?
– பெங்களூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இயங்கும் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 1921இல் தோன்றியது. சுருக்கமாக எஃப்.இ.ஐ. என்பார்கள். 2020 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் நடக்கவிருந்த உலகக் கோப்பை இறுதிச் சுற்று கைவிடப்பட்டது. மார்ச் 24 அன்று டோக்கியோ ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போயிற்று. அதே ஆண்டில் தேசியச் சம்மேளனங்களுக்கென்று பத்து லட்சம் சுவிஸ் பிராங்க் வரையிலான துயர்துடைப்பு நிதியை எஃப்.இ.ஐ. அறிவித்தது. கேட்பதற்குப் பெரிய தொகைதான். 130க்கும் மேற்பட்ட உறுப்பு நாடுகளுக்குச் சரிசமமாகப் பங்கிட்டால் ஒரு நாட்டுக்கு எட்டாயிரம் பிராங்க்கூடத் தேறாது. நல்ல வேளையாக, தேவை உள்ளவர்கள் விண்ணப்பித்துப் பெறும் வகையில்தான் அதை அமைத்திருந்தார்கள்.

பணத்தை விடப் பயன்பட்டது, 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த போட்டிப் பாதுகாப்பு விதிமுறை என்பது என் கருத்து. ஒவ்வொரு போட்டி அமைப்பாளரும் இடரை முன்கூட்டியே மதிப்பிட்டு, இன்னின்ன ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று காட்டினால்தான் போட்டி நடத்தலாம் என்றாயிற்று. தகுதிச் சுற்றுகளுக்கான கெடுவும் நீட்டிக்கப்பட்டது.

பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா இந்தியாவுக்கான ஒலிம்பிக் இடத்தை முன்பே வென்றிருந்தார். ஆனால் ஈவென்டிங்கில் இடம் பெற்றால் மட்டும் போதாது. களமிறங்கும் குதிரையோடு சேர்ந்து குறைந்தபட்சத் தகுதியையும் எட்டியாக வேண்டும். போட்டிகளே இல்லாத காலத்தில் அதை எங்கே போய் எட்டுவது? ஐரோப்பாவில் போட்டிகள் மெல்லத் திரும்பியதும், கெடு நீண்டதும் அவருக்கு வழிவிட்டன. டோக்கியோவில் 'செய்ன்யோர் மெடிகாட்' என்ற குதிரையில் அவர் தனிநபர் இறுதிச் சுற்றை எட்டி 23ஆம் இடம் பெற்றார். 2000ஆம் ஆண்டு சிட்னிக்குப் பிறகு ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் இந்தியர் ஒருவர் களம் கண்டது அப்போதுதான்.

கேள்வி: மாற்றுத்திறனாளிகளுக்குச் சவாரி கற்றுத்தரும் அமைப்பைப் பற்றிச் சென்ற இதழில் குறிப்பிட்டிருந்தீர்கள். அவர்கள் நிலை என்னவாயிற்று?
– நாகர்கோவிலிலிருந்து ஒரு ஆசிரியை

பதில்: 1969இல் தொடங்கிய 'ரைடிங் ஃபார் தி டிசேபிள்ட் அசோசியேஷன்' என்ற அந்த அமைப்புக்கு அப்போது பிரிட்டன் முழுவதும் ஏறத்தாழ 500 குழுக்கள் இருந்தன. எல்லோரையும் விட அதிகம் அடிபட்டது அவர்களே. ஒரு குழந்தையைக் குதிரையில் ஏற்றி நடத்த, தலைக்கயிற்றைப் பிடிக்க ஒருவரும் இருபுறமும் குழந்தையின் காலைத் தாங்க இருவரும் வேண்டும். இடைவெளி விடுவது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. சவாரி செய்பவர்களில் பலர் நோய் எளிதில் தாக்கக்கூடியவர்கள். உதவ வரும் தொண்டர்களில் பலர் ஓய்வு பெற்ற முதியவர்கள். கட்டணத்தையும் நன்கொடையையும் நம்பியிருந்த குழுக்கள் கதவை மூடின. மற்ற பள்ளிகள் திறந்த பின்னும் இவை முழு அளவில் திரும்ப நெடுநாள் பிடித்தது. தனியாக ஏறி உட்காரக்கூடியவர்கள் முதலில் வந்தார்கள். தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டியவர்கள், அதாவது அந்தச் சவாரி யாருக்கு மிகவும் தேவையோ அவர்கள், கடைசியில்தான் வர முடிந்தது.

கேள்வி: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எல்லாம் சிறப்பாக நடந்ததுபோல் தெரிகிறதே. குறையே இல்லையா?
– சென்னையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: குறை நிறையவே உண்டு. 2020 மார்ச் 10 முதல் 13 வரை செல்ட்டனம் குதிரைப் பந்தய விழாவை வழக்கம்போல நடத்தினார்கள். நான்கு நாளில் இரண்டரை லட்சம் பேர் தோளோடு தோள் உரசி நின்றார்கள். பந்தயத் துறையின் நிருவாகம் வேறு, நான் இங்கே எழுதும் விளையாட்டு அமைப்புகள் வேறு. அன்றைய அரசு விதிகளின்படி அது குற்றமும் இல்லை. என்றாலும் குதிரை உலகத்தின் பெயர் அதனால் கெட்டது. அடுத்த சில நாட்களில் மற்றப் போட்டிகள் எல்லாம் நிறுத்தப்பட்டபோது, அந்தக் கூட்டத்தின் படங்கள் செய்தித்தாள்களில் வந்துகொண்டேயிருந்தன.

சவாரி செய்யலாமா என்ற கேள்விக்கு முதல் வாரங்களில் ஒவ்வோர் அமைப்பும் ஒவ்வொரு தொனியில் பேசியதும் குறைதான். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என்று நான்கு அரசுகளும் வெவ்வேறு நாளில் வெவ்வேறு விதிகளைத் தளர்த்தின. எல்லைக்கு இந்தப் பக்கம் லாயம், அந்தப் பக்கம் வீடு என்று வாழ்ந்தவர்களுக்கு எந்த அறிக்கையும் நேராகப் பதில் சொல்லவில்லை.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் மோசம். நிருவாகக் கோளாறு பற்றிய நெடுநாள் பூசலின் முடிவில், அந்நாட்டின் தேசியக் குதிரையேற்ற அமைப்பே 2020 ஜூனில் வெளி நிர்வாகியிடம் ஒப்படைக்கப்பட்டது. உறுப்பினர் தம் அமைப்பை நோக்கித் திரும்பிய வேளையில் அமைப்பே தன்னைக் காக்க ஆள் தேடிக்கொண்டிருந்தது.

கேள்வி: குதிரைகளுக்கே கொள்ளைநோய் வந்தால் இவர்கள் என்ன செய்வார்கள்?
– ஊட்டியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: 'வந்தால்' என்று கேட்கிறீர்கள். கொரோனாவுக்கு நடுவிலேயே வந்தது. 2021 பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியா நகரில் நடந்த தடைதாண்டும் போட்டித் தொடரில், குதிரைகளின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் ஹெர்ப்பீஸ் வகைத் தீநுண்மி பரவி 18 குதிரைகள் இறந்தன. பின்னங்கால்கள் வலுவிழந்து, எழுந்து நிற்க முடியாத குதிரையை வயிற்றுக்கு அடியில் அகலப் பட்டை கட்டித் தூக்கிப் பிடித்து மருத்துவம் பார்க்க வேண்டியிருந்தது. எஃப்.இ.ஐ. மார்ச் முதல் தேதியிலிருந்து ஏப்ரல் 11 வரை ஐரோப்பிய நிலப்பரப்பில் பன்னாட்டுப் போட்டிகளை நிறுத்தியது. ஸ்வீடனின் கோத்தென்பர்க் நகரில் நடக்கவிருந்த உலகக் கோப்பை இறுதிச் சுற்று அதில் அடிபட்டுப் போயிற்று. தொடர்ந்து இரண்டாம் ஆண்டாக இறுதிச் சுற்று இல்லை. முதல் ஆண்டு மனிதரின் நோயால், அடுத்த ஆண்டு குதிரையின் நோயால்.

மீண்டும் தொடங்கியபோது குதிரையின் உடல்வெப்பத்தை நாள்தோறும் அளந்து கைபேசிச் செயலியில் பதிய வேண்டும் என்ற விதி வந்தது. 38.5 பாகையைத் தொட்டால் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மனிதர்களின் நெற்றியில் வெப்பமானியை நீட்டிப் பழகிவிட்ட காவலாளிகள் அடுத்துக் குதிரைப் பக்கம் திரும்பினார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். குதிரைக்கு அளக்கும் இடம் நெற்றி அன்று என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இத்துறைக்கு இது புதிதும் அன்று. 2001இல் கால்நடைகளுக்குக் கோமாரி பரவியபோது, அந்நோய் தொற்றாத குதிரைகளின் போட்டியையும் பிரிட்டனில் நிறுத்தினார்கள். குளம்பில் ஒட்டிய மண்ணோடு நோய் பண்ணைக்குப் பண்ணை போகும் என்ற அச்சமே காரணம். ஆஸ்திரேலியாவில் 2007இல் குதிரைக் காய்ச்சல் பரவியபோது, நின்ற இடத்தை விட்டுக் குதிரை நகரக் கூடாது என்றே உத்தரவு போட்டார்கள். போட்டிக்கு வந்தவர்கள் களத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கினார்கள். தனிமைப்படுத்தல் என்ற சொல் நம் வீடுகளுக்குள் வரும் முன்பே லாயங்களில் புழங்கிய சொல்.

கேள்வி: நீங்கள் அடிக்கடி எழுதும் பாட்மின்டன் ஈவென்டிங் போட்டி எப்போது திரும்பியது?
– காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இறகுப்பந்தோடு குழப்பிக்கொள்ளாமல் கேட்டதற்கு நன்றி. கிளாஸ்டர்ஷரில் உள்ள அதே பெயர் கொண்ட மாளிகைத் தோட்டத்தில் நடக்கும் போட்டி அது. 2001இல் கோமாரியால் நின்றது என்று மேலே சொன்ன போட்டிகளில் அதுவும் ஒன்று. கொரோனாவால் 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் நின்று, 2022 மே மாதம் திரும்பியது. லாரா காலெட் 'லண்டன் 52' என்ற குதிரையில் வென்றார். அப்போது அக்குதிரைக்கு வயது 13. முடக்கம் தொடங்கியபோது 11.